மாத்திரை உள்ள போனதுக்கு அப்புறம் என்ன நடக்குது? – வாசகர் கேள்வி பதில்

மருந்து பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லிருந்தோம், கேள்விகள் குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேத்துட்டேன். "எனக்கு டோஸ் கூட்டலாமா, நிறுத்தலாமா"ன்னு கேட்டவங்களுக்கு மட்டும் இங்க பதில் இல்லங்க, அதை உங்களை நேர்ல பாக்குற டாக்டர்தான் சொல்லணும். மத்தபடி உள்ள போன மருந்து என்ன பண்ணுது, அந்த மருந்தை நம்ம உடம்பு என்ன பண்ணுது, இந்த ரெண்டையும் சுத்திதான் எல்லாக் கேள்வியும் இருந்துச்சு.

கேள்வி: தலைவலிக்குப் போட்டா தலைவலி போகுது, அதே மாத்திரைய முட்டிவலிக்குப் போட்டா முட்டிவலி போகுது. வலி எங்க இருக்குன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? என் பையன் கேட்டான், முழிச்சேன். – ஒரு அம்மா

பதில்: அதுக்குத் தெரியாதும்மா. வயித்துல கரைஞ்சு, பெரும்பாலும் சிறுகுடல் வழியா ரத்தத்துல கலந்து, கல்லீரலைத் தாண்டி இதயத்துக்கு வந்து, அங்கேருந்து உடம்பு முழுக்கப் போயிருது. தலைக்கும் போகுது, முட்டிக்கும் போகுது, எந்த வலியும் இல்லாத சுண்டுவிரலுக்கும் போகுது. ஆனா மருந்துக்கு வேலை இருக்குற இடம்தான் வேற. ஐபுப்ரோஃபென்ங்கிற வலி மாத்திரைய உதாரணமா எடுத்துக்குவோம். வீக்கமோ அடியோ இருக்குற இடத்துல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு ரசாயனம் எக்கச்சக்கமா சுரக்குது, அதுதான் அங்க இருக்குற வலி நரம்பைத் தூண்டிவிட்டு லேசா தொட்டாக்கூட துடிக்க வைக்குது. அதைத் தயாரிக்கிற என்சைம் பேரு சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமா காக்ஸ். மாத்திரை அந்த காக்ஸைத் தடுத்துருது, உற்பத்தி குறையுது, வலி அடங்குது, அவ்ளோதான்.

இப்ப உங்க பையன் அடுத்த கேள்வி கேட்பான் பாருங்க, உடம்பு முழுக்கப் போற மருந்து மத்த இடத்துல சும்மா இருக்குமான்னு. இருக்காது. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையோட உள்சுவரை ஆசிட்கிட்டருந்து காப்பாத்துது, கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தையும் பாத்துக்குது. அங்கயும் குறைஞ்சா அல்சர் வரலாம், கிட்னி ஏற்கனவே வீக்கா இருக்குறவங்களுக்கு இன்னும் மோசமாகும். வலி போறதும் வயிறு எரியிறதும் ஒரே வேலையோட விளைவுதான், நாமதான் ஒண்ணுக்கு பலன்னும் இன்னொண்ணுக்கு பக்கவிளைவுன்னும் பேர் வெச்சிருக்கோம்.

இதுல வேடிக்கை என்னன்னா ஆஸ்பிரின் 1899லேருந்து விக்குது, அது இப்படித்தான் வேலை செய்யுதுன்னு ஜான் வேன்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சது 1971ல. அதுக்கு 1982ல நோபல் பரிசு. நடுவுல எழுபது வருஷத்துக்கு மேல ஏன் வலி போகுதுன்னே தெரியாம உலகமே முழுங்கிட்டு இருந்துச்சு. மருந்தை வேணுங்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பணும்னா அங்கயே நேரா கொண்டுபோய் விடணும். ஆஸ்துமாவுக்கு எடுக்குற சால்பியூட்டமால் இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதே மருந்து மாத்திரைன்னா 2, 4 மில்லிகிராம்னு வரும், அதாவது 20 மடங்கு, 40 மடங்கு. இன்ஹேலர் ஸ்ட்ராங்கு, மாத்திரைதான் லேசுன்னு நினைக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை பாருங்க.

கேள்வி: எனக்கு பிரஷர் மாத்திரை நாளைக்கு ஒண்ணுதான். என் வீட்டுக்காரருக்கு வலி மாத்திரை மூணு வேளை. தைராய்டு மாத்திரை போடுற என் தங்கச்சிக்கு டோஸ் மாத்திட்டு ஆறு வாரம் கழிச்சு வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்றாங்க. இதெல்லாம் யார் முடிவு பண்றாங்க? – கணக்குப் பாத்தே பழகின வாசகி

பதில்: ஹாஃப் லைஃப் முடிவு பண்ணுது மேடம், தமிழ்ல அரைவாழ்வுக்காலம். ரத்தத்துல இருக்குற மருந்தோட அளவு பாதியா குறைய எவ்ளோ நேரம் ஆகுதோ அதுதான். கணக்குன்னு சொல்லிட்டீங்க, வாங்க போடுவோம். ஐபுப்ரோஃபெனுக்கு சுமார் 2 மணி நேரம். காலைல 8 மணிக்கு 400 மில்லிகிராம் முழுசா ரத்தத்துல இருக்குன்னு வெச்சுக்குவோம் (நிஜத்துல உறிஞ்சவே கொஞ்ச நேரம் ஆகும், கணக்குக்காக விட்டுருவோம்), 10 மணிக்கு 200, 12 மணிக்கு 100, 2 மணிக்கு 50, 4 மணிக்கு 25. அஞ்சாவது பாதில 12.5, அதாவது 3 சதவீதம்தான் மிச்சம். அதனாலதான் மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கு. நீங்க போடுறது அம்லோடிபின்னா அதுக்கு 30லேருந்து 50 மணி நேரம், ஒரு நாளைக்கு ஒண்ணு தாராளமா போதும்.

இதே கணக்கு ஏறும்போதும் உண்டு, அதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. தினமும் ஒரே டோஸ் போட்டுட்டே வந்தா உள்ள வர்ற அளவும் வெளிய போற அளவும் சமமாகி ஒரு மட்டத்துல நிக்கும், அதுக்கு ஸ்டெடி ஸ்டேட்னு பேரு, அதுக்கு நாலஞ்சு அரைவாழ்வுக்காலம் ஆகும். தைராய்டு மாத்திரை லெவோதைராக்ஸினுக்கு அரைவாழ்வே சுமார் 7 நாள். அஞ்சு ஏழு முப்பத்தஞ்சு. டோஸ் மாத்தி பத்தாவது நாளே டெஸ்ட் எடுத்தா அரைகுறையான நம்பர்தான் வரும், அதான் உங்க தங்கச்சிக்கு ஆறு வாரம். ரெண்டு நாள் பிரஷர் மாத்திரை போட்டுட்டு "இது எனக்குக் கேக்கல"ன்னு நிறுத்துறவங்களுக்கும் இதே பதில்தான், அம்லோடிபின் முழு மட்டத்துக்கு வர ஒரு வாரத்துக்கு மேல ஆகும்.

ஆனா எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது, ஆஸ்பிரினைப் பாருங்க. அது அதே வடிவத்துல ரத்தத்துல இருக்கிறது ரொம்பக் கொஞ்ச நேரம், அரைவாழ்வு 15, 20 நிமிஷம். அப்ப எப்படி இதய நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணே போதுது? ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்ல போய் காக்ஸோட நிரந்தரமா ஒட்டிக்குது, அந்த என்சைம் அதோட காலி. பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸே கிடையாது, புது என்சைம் செஞ்சுக்க முடியாது, அதோட ஆயுசு 7லேருந்து 10 நாள், அது முடியிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். மருந்து போயிருச்சு, ஆனா அது செஞ்ச வேலை அப்படியே இருக்கு. சில ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆஸ்பிரின நிறுத்தச் சொல்றது இதனாலதான், ஆனா யார் நிறுத்தணும் யார் நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர்தான் சொல்லணும், ஸ்டென்ட் வெச்சவங்க தானா நிறுத்தினா ஆபத்து.

கேள்வி: 5 மி.கி. மாத்திரை 500 மி.கி. மாத்திரைய விட லைட்டா? – போஸ்ட் கார்டுல ஒரே வரி

பதில்: இல்ல. மேல சொன்ன தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம்தான், உடம்பு மொத்தத்தோட வேகத்தையே மாத்திருது. எவ்ளோ கம்மி அளவுல வேலைய ஆரம்பிக்குதுங்கிறது பொட்டன்சி, எவ்ளோதான் குடுத்தாலும் அதிகபட்சம் எவ்ளோ வேலை நடக்கும்ங்கிறது எஃபிகசி, ரெண்டும் வேற வேற. நீர் பிரிய குடுக்குற மாத்திரைல ஹைட்ரோகுளோரோதயசைடு 25ல வரும், ஃபுரோசமைடு 40ல வரும். நம்பரை வெச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்டதான், ஆனா முதலாவதை எவ்ளோ கூட்டினாலும் ஃபுரோசமைடு அளவுக்கு நீரை இறக்க முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தா நாக்குக்கு அடில வைக்க ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. அவசரத்துல அம்மா தண்ணி குடுத்து முழுங்க வெச்சுட்டாங்க. வித்தியாசம் உண்டா? – மகன்

பதில்: ரொம்பவே உண்டு தம்பி. குடல்ல உறிஞ்சின மருந்து பெரும்பாலும் நேரா உடம்புக்குள்ள போகாது, முதல்ல ஒரு தனி ரத்தக்குழாய் வழியா கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அங்கயே ஒரு பங்கை உடைச்சுரும், இதுக்கு ஃபர்ஸ்ட் பாஸ் மெட்டபாலிசம்னு பேரு. அதுல தப்பிச்சு ரத்த ஓட்டத்துல சேர்ற பங்கு எவ்ளோங்கிறதுதான் பயோஅவைலபிலிட்டி. நேரா ரத்தக்குழாய்ல ஊசியா போட்டா 100 சதவீதம், முழுங்கினா மருந்துக்கு மருந்து மாறும். அப்பாவோடது நைட்ரோகிளிசரின்னா அதை முழுங்கினதும் கல்லீரல் பெரும்பங்கைத் தீத்துரும், இதயத்துக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கம்மி, அதுவும் லேட்டா. நாக்குக்கு அடில இருக்குற ரத்தக்குழாய்கள் கல்லீரலுக்குப் போகாம நேரா இதயப் பக்கம் போகுது, அதனால ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே வேலை ஆரம்பிச்சுரும். உக்கார வெச்சுக் குடுங்க, ஏன்னா அது ரத்தக்குழாய விரிச்சு பிரஷரை சட்டுனு இறக்கும், நின்னுட்டு இருந்தா தலை சுத்தி விழ வாய்ப்பு இருக்கு. வலி நிக்கலன்னா எத்தனை நிமிஷத்துல ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு டாக்டர்கிட்ட கேட்டு இப்பவே அம்மாவுக்குச் சொல்லி வெச்சுருங்க. அதே டாக்டர் வீரியக் குறைபாட்டுக்கு சில்டனாஃபில் மாதிரி எதாவது அப்பா எடுக்குறாரான்னும் கேட்டா கூச்சப்படாம சொல்லச் சொல்லுங்க, ரெண்டும் சேந்தா பிரஷர் பாதாளத்துக்குப் போயிரும்.

கேள்வி: நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். அகோனிஸ்ட், ஆன்டகோனிஸ்ட் ரெண்டும் எப்பவும் குழம்புது. புக்ல இருக்குற பூட்டு சாவி உதாரணம் புரியல அண்ணா. – மாணவி

பதில்: பூட்டு சாவிய விட்டுரும்மா, நாற்காலின்னு நினைச்சுக்கோ. செல்லு மேல இருக்குற ரிசெப்டர்தான் நாற்காலி. அதுல உக்காந்து வேலையும் பாக்குறவர் அகோனிஸ்ட், சும்மா உக்காந்து வேற யாரையும் உக்கார விடாம பண்றவர் ஆன்டகோனிஸ்ட், உக்காந்து பாதி வேலை மட்டும் பாக்குறவர் பார்ஷியல் அகோனிஸ்ட். எவ்ளோ இறுக்கமா உக்காருறார்ங்கிறது அஃபினிட்டி.

இப்ப நிஜ மருந்துக்கு வா. நுரையீரல் குழாய்ல பீட்டா-2 ரிசெப்டர் இருக்கு. சால்பியூட்டமால் அங்க அகோனிஸ்ட், குழாய் விரியுது, மூச்சு வருது. புரோப்ரனலால்னு ஒரு மருந்து இதயத்துடிப்பைக் குறைக்க, மைக்ரேன் வராம தடுக்கக் குடுப்பாங்க, அது இதயத்துல இருக்குற பீட்டா-1லயும் ஆன்டகோனிஸ்ட், நுரையீரல்ல இருக்குற பீட்டா-2லயும் ஆன்டகோனிஸ்ட். ஆஸ்துமா இருக்குறவங்களுக்குக் குடுத்தா என்ன ஆகும்னு இப்ப நீயே சொல்லிருவ. வார்டுல மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி ஆஸ்துமா இருக்கான்னு கேக்குற அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி இருக்குற பாடம் இதுதான்.

இன்னொண்ணு, பரிட்சைக்கு இல்ல, வேலைக்கு. மார்ஃபின் வகை மருந்து ஓவராகி மூச்சு நிக்கப் போற ஆளுக்கு நலோக்சோன் போட்டா கண்ணு முன்னாடியே எழுந்துருவாங்க, அது மார்ஃபினைத் தள்ளிட்டு அந்த இடத்தைப் பிடிச்சுக்குது. ஆனா நலோக்சோனோட வேலை சீக்கிரமே, பெரும்பாலும் ஒரு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள, தேஞ்சுரும், உள்ள இருக்குற மருந்து அதை விட நீளமா நிக்குற வகைன்னா திரும்ப மூச்சு அடங்கும். எழுந்துட்டாங்கன்னு விட்டுட்டுப் போகாம பக்கத்துலயே இருந்து பாக்கணும்.

கேள்வி: நைட் ஷிப்ட் பாக்குறேன். அலர்ஜி மாத்திரை போட்டா தூக்கம் கொல்லுது, ஃப்ரெண்டு போடுறதுல தூக்கமே வரலயாம். எப்படி?

பதில்: மூக்குல தும்மலை உண்டாக்குற அதே ஹிஸ்டமின்தான் மூளைல நம்மள முழிச்சிருக்க வைக்குது. பழைய மருந்து குளோர்ஃபெனிரமின் மூளைக்குள்ள சுலபமா போயிரும், அங்கயும் ஹிஸ்டமினைத் தடுக்கும், தூக்கம் வரும். ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி புதுசுகள் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பைத் தாண்ட மாட்டாது, தப்பித்தவறி உள்ள போனதையும் அங்க இருக்குற பி-கிளைக்கோபுரோட்டீன்ங்கிற பம்ப் வெளிய தள்ளிரும். செட்ரிசின் நடுவுல, சிலருக்குத் தூக்கம் வரும். மெஷின்ல வேலைன்னா டாக்டர்கிட்ட அதைச் சொல்லியே மாத்திரை கேளுங்க.

கேள்வி: ஜுரத்துக்கு பாராசிட்டமால், சளிக்கு ஒரு மாத்திரை, உடம்புவலிக்கு இன்னொண்ணு. மூணும் வேற வேற கம்பெனி, ஒண்ணும் ஆகாதே? – மூணு நாளா ஜுரத்துல இருக்குற வாசகர்

பதில்: ஐயா, இந்த இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள ஜுரம் போயிருக்கும்னு நம்புறேன். மூணு அட்டையையும் திருப்பி பொடி எழுத்தைப் படிங்க. சளி மாத்திரைல பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும், உடம்புவலி மாத்திரைலயும் நிறைய நேரம் இருக்கும். மூணு பிராண்டு, மருந்து ஒண்ணே. ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, எடை கம்மியா இருக்குறவங்க, குடிப்பழக்கம் இருக்குறவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்களுக்கு அதுலயும் குறைக்கணும்.

ஏன் இவ்ளோ கறாருன்னா உள்ள நடக்குறது இதுதான். பாராசிட்டமால்ல பெரும்பங்கைக் கல்லீரல் சமத்தா வேற ரசாயனத்தோட கோத்து சிறுநீர்ல அனுப்பிருது. ஒரு சின்னப் பங்கு மட்டும் நாப்கி (NAPQI)ங்கிற ஒரு விஷப்பொருளா மாறுது. அதுக்கும் ஏற்பாடு இருக்கு, குளூட்டதயோன்ங்கிற பொருள் உடனே அதை அடக்கிரும். சரியான டோஸ்ல இது தினமும் நடந்தாலும் பிரச்சினை இல்ல. ஓவர்டோஸ்ல கோத்து அனுப்புற வழி நிரம்பி வழியும், நாப்கி அதிகமாகும், குளூட்டதயோன் தீந்து போகும், அதுக்கப்புறம் அது கல்லீரல் செல்லையே அடிக்க ஆரம்பிக்கும். இதுல பயங்கரம் என்னன்னா முதல் நாள் பெருசா எதுவும் தெரியாது, கொஞ்சம் வாந்தி வரும், சிலருக்கு அதுவும் வராது. கல்லீரல் அடிவாங்கினது வெளிய தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். மாத்து மருந்து இருக்கு, என்-அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டதயோனை மறுபடி நிரப்புறதுதான் அதோட வேலை, முதல் 8 மணி நேரத்துக்குள்ள குடுத்தா ரொம்ப நல்லா காப்பாத்தும். அதனால தெரியாம அதிகமா போட்டுட்டோம்னு தோணுனா "நல்லாத்தானே இருக்கேன்"னு காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கேள்வி: ஒரே மருந்து, ஒரே டோஸ். ஒருத்தருக்கு கேக்குது, இன்னொருத்தருக்கு கேக்கல. மனசுதான் காரணமா?

பதில்: மனசும் உண்டு, ஆனா அதுக்கு முன்னாடி கல்லீரல் என்சைமைப் பாக்கணும். கோடீன்னு ஒரு மருந்து, இருமலுக்கும் வலிக்கும் குடுக்குறது. வலியப் போக்குற சக்தி அதுக்குச் சொந்தமா ரொம்பக் கம்மி, சிப்-2டி6ங்கிற என்சைம் அதுல ஒரு பங்கை மார்ஃபினா மாத்தினாத்தான் வேலை நடக்கும். இப்படி உடம்புக்குள்ள போய் மாறின பிறகே வேலை செய்யற மருந்துக்கு புரோடிரக்னு பேரு. அந்த என்சைம் சிலருக்குப் பிறவிலேயே வேலை செய்யாது, அவங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் வலி போகாது. சிலருக்கு அதிவேகமா வேலை செய்யும், சாதா டோஸே மார்ஃபின் ஓவர்டோஸ் மாதிரி ஆயிரும். அந்த வகைக் குழந்தைகள் மூச்சு அடங்கி இறந்துபோன சம்பவங்களுக்குப் பிறகு, 2017ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 வயசுக்குக் கீழ கோடீன் குடுக்கவே கூடாதுன்னு சொல்லிருச்சு.

பிறவி மட்டும் இல்ல, கூட என்ன சாப்பிடுறோம்ங்கிறதும் இருக்கு. கனடால ஃபெலோடிபின்ங்கிற பிரஷர் மருந்தை ஆல்கஹாலோட சேத்து ஆராய்ச்சி பண்ணப்போ, ஆல்கஹால் ருசி தெரியாம இருக்க கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்ல, பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழம்) ஜூஸ்ல கலந்து குடுத்தாங்க. ரத்தத்துல மருந்து எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமா ஏறி நின்னுச்சு. ஆல்கஹால் காரணம் இல்ல, ஜூஸ்தான், குடல் சுவர்ல மருந்தை உடைக்கிற சிப்-3ஏ4 என்சைமை அது முடக்கிருது. 1989ல வெளியான விஷயம் இது. நேர்மாறா காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் இந்த என்சைம்களைப் பெருக்கிவிடும், மத்த மருந்தெல்லாம் சீக்கிரமே உடைஞ்சு போகும், கருத்தடை மாத்திரை ஒழுங்கா போட்டும் கர்ப்பம் ஆகுறது இப்படித்தான். வேற என்ன மாத்திரை எடுக்குறீங்கன்னு கேட்டா ஒண்ணு விடாம சொல்லணும்ங்க.

கேள்வி: பி-காம்ப்ளெக்ஸ் போட்டா சிறுநீர் பளிச்சுனு மஞ்சளா போகுது. மருந்து எல்லாம் வீணா போகுதா?

பதில்: பி2 வைட்டமின், ரைபோஃபிளேவின், அதோட நிறமே அதான். உடம்புக்கு வேணுங்கிறது போக மிச்சம் போகுது, பயப்பட ஒண்ணும் இல்ல. ரிஃபாம்பிசின் போட்டா கண்ணீர் கூட ஆரஞ்சா வரும்.

ஆனா சிறுநீர்ல மருந்து போறதைப் பத்தி ஒரு சம்பவம் சொல்லாம விட மனசு வரல. 1941 பிப்ரவரில ஆக்ஸ்ஃபோர்டுல ஆல்பர்ட் அலெக்ஸாண்டர்ங்கிற போலீஸ்காரருக்கு, மோசமான தொற்றுக்கு, ஃப்ளோரிங்கிற விஞ்ஞானியோட குழு தயாரிச்ச பெனிசிலினைப் போட்டாங்க. ஜுரம் இறங்குச்சு, சாப்பிட ஆரம்பிச்சார். ஆனா கைல இருந்த மருந்து ரொம்பக் கொஞ்சம், பெனிசிலினோட அரைவாழ்வோ வெறும் அரை மணி நேரம், கிட்னி அதை வேகவேகமா வெளிய தள்ளிரும். அதனால அவரோட சிறுநீரைச் சேத்து அதுலேருந்து பெனிசிலினைப் பிரிச்சு எடுத்து மறுபடி அவருக்கே போட்டாங்க. அப்படியும் அஞ்சு நாள்ல மருந்து தீந்துருச்சு, தொற்று திரும்பி வந்து மார்ச்ல இறந்துட்டார். மருந்து வேலை செஞ்சுச்சு, அளவுதான் பத்தல. அப்புறம் கிட்னி பெனிசிலினைத் தள்ளுற வழியவே அடைக்கிறதுக்கு புரோபெனசிட்னு ஒரு மருந்து வந்துச்சு. கிட்னி பழுதானவங்களுக்கு இதே விஷயம் தலைகீழ், வெளிய போகவேண்டிய மருந்து உள்ளயே சேந்துரும், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் டெஸ்ட்டைப் பாத்துட்டு டோஸ் குறைக்கிறாங்க.

கேள்வி: மாமியாருக்கு விழுங்க கஷ்டம். எல்லா மாத்திரையும் பொடி பண்ணி தண்ணில கலந்து குடுக்குறேன். சரிதானே? – மருமகள்

பதில்: எல்லாத்தையும் கூடாதும்மா. பேருக்குப் பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர்னு எழுத்து இருந்தா அது 12 மணி நேரமோ ஒரு நாள் முழுக்கவோ கொஞ்சம் கொஞ்சமா கரையிற மாதிரி செஞ்சது. பொடிச்சா மொத்த டோஸும் ஒரே நேரத்துல ரத்தத்துல ஏறிரும், சாயந்திரத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரைக்கு மேல இருக்குற பூச்சு அது இரைப்பை ஆசிட்ல கெடாம குடலுக்குப் போறதுக்காகப் போட்டது, பொடிச்சா மருந்து வயித்துலயே வீணாயிரும். நடுவுல கோடு போட்ட சாதா மாத்திரைகளை உடைக்கிறதுல பொதுவா பிரச்சினை இல்ல, ஆனா கோடு இருக்குறதாலேயே பொடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. எல்லா அட்டையையும் எடுத்துட்டுப் போய் பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க, நிறைய மருந்துக்கு சிரப்பாவோ, தண்ணில கரையிற மாத்திரையாவோ மாத்து இருக்கும். இன்னொண்ணு, விழுங்க கஷ்டம் புதுசா வந்ததுன்னா அதையும் டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, அது மாத்திரைப் பிரச்சினையா மட்டும் இருக்கணும்னு இல்ல.